கோட்டோடு நூற்றெண்பத்து நான்கு பவுண்டு

பர்லிங்டன், வெர்மான்ட்
பிப்ரவரி 12, 2019

அண்ணா,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அடுப்பில் போடலாம். ஆனால் பிரித்துப் படிக்காமல் அடுப்பில் போடுகிற ஆள் இல்லை நீ. கரண்டு பில்லையே இரண்டு தடவை படிப்பவன் ஆயிற்றே.

நீ ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய்? நீ சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணை லூசியனும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆபீசுக்குத் தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். எங்கள் டாக்டர்களிடம் பார்க்கிறவர்களில் யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், யார் வீடு திரும்பினார்கள் என்று. அதில் நாற்பத்தோராவது பெயர்: ஆர்மண்ட் பெல்கி, வயது 74, இதயம் பலவீனம், நுரையீரலில் நீர். காபியை மேஜை முழுக்கக் கொட்டிவிட்டேன். கூடப் பிறந்தவனுக்கு நெஞ்சில் நீர் கோத்ததைப் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்கிற கொடுமை வேறு யாருக்காவது உண்டா?

பயப்படாதே, உன் கோப்பை நான் திறக்கவில்லை. சொந்தக்காரர்களின் கோப்பை நர்சுகள் தொடக்கூடாது என்பது விதி. மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததற்குப் பிறகு அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. டெஸ்ஸா என்ற நர்சு உன்னைக் கவனிப்பாள். இரண்டு நாளில் உன் வீட்டுக்கு வருவாள். கதவைச் சாத்திவிடாதே, அவள் நல்ல பெண். வீட்டில் இருக்கும் மருந்து பாட்டில் எல்லாவற்றையும், பழசு புதுசு பார்க்காமல், ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துவை. ஒரு எடை பார்க்கும் பலகை கொண்டுவருவாள். தினமும் அதில் ஏறு. இரண்டு நாளில் மூன்று பவுண்டு கூடினால் அது சதை இல்லை அண்ணா, நீர். உடனே அவளைக் கூப்பிடவேண்டும்.

இதைத் தங்கையாக எழுதுகிறேன். உப்புப் போட்ட பன்றிக்கறியை நாய்க்குப் போடு.

கிளாடெட்


டிராவர்ஸ் கார்னர்
பிப்ரவரி 20

கிளாடெட்டுக்கு,

நாய்க்கும் உப்பு ஆகாதாம். டெஸ்ஸா சொன்னாள். ஆக, கறி இன்னும் நிலவறையில்தான் தொங்குகிறது. நானும் நாயும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் கூட்டத்திலிருந்து ஒரு அச்சடித்த கடிதமும் வந்தது. என் டாக்டர் விட்கம் ஏதோ 'பொறுப்புப் பராமரிப்புக் கூட்டமைப்பில்' சேர்ந்துவிட்டாராம். அதனால் என்னையும் சேர்த்துக்கொண்டார்களாம். என்னை யார் கேட்டார்கள்? ஒரு பசுவை விற்றால்கூடப் பசுவுக்குத் தெரிய ஒரு கயிறாவது இழுப்பார்கள்.

அந்தப் பெண் வந்தாள். பனியில் கார் மாட்டிக்கொண்டு, அரை மைல் நடந்தே வந்தாள். பையிலிருந்த பாட்டில்களை என் சமையல் மேஜையில் வரிசையாக அடுக்கினாள். பதினான்கு. அதில் இரண்டைத் தனியாக எடுத்து, "இது ரெண்டும் ஒரே மாத்திரைங்க. ஒண்ணு இதய டாக்டர் எழுதினது, ஒண்ணு விட்கம் டாக்டர் எழுதினது. நீங்க எதச் சாப்பிடறீங்க?" என்றாள். "ரெண்டையும்தான். டாக்டர் குடுத்தா சாப்பிடாம மாட்டுக்கா போடுவாங்க?" என்றேன். என் மேஜையிலிருந்தே இரண்டு டாக்டருக்கும் போன் போட்டு, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பேசவைத்து, ஒன்றை நிறுத்தினாள். கிறிஸ்துமசிலிருந்து தலை சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது சுற்றவில்லை. இதை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

எடைப் பலகையைக் குளியலறையில் வைத்துவிட்டுப் போனாள். அங்கே தரை கோணல். மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகையில் கதவோரம் போட்டிருக்கிறேன். காலையில் அங்கேதானே போகிறேன். ஆஸ்பத்திரி அங்கியில் நூற்றெழுபத்தொன்று இருந்தேன். இங்கே கோட்டு, ஓவரால், காலணியோடு நூற்றெண்பத்து நான்கு. டெஸ்ஸாவுக்குப் போனில் சொன்னேன். "பரவாயில்லங்க, தெனமும் ஒரே மாதிரி ஏறுங்க. ஏறுதா எறங்குதான்னு தெரிஞ்சா போதும்" என்றாள். தினமும் ஏழு மணிக்கு எடையைக் கேட்டு ஒரு மெஷின் போன் செய்யும். எண்ணை அமுக்குவேன். உன்னோடு பேசுவதைவிட அது மேல். அது எதிர்த்துப் பேசாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். லூசியன் பேப்பரில் படித்தானாம்: நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் உங்களுக்குப் பணம் வருமாமே? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அல்லவா இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முன் அன்று என் மனைவி ஜானீனிடம், "நாளைக்கு ஒன்பது மணிக்கு டாக்டரப் பாக்கலாம், இன்னிக்கு எமர்ஜென்சி வேண்டாம்" என்று சொன்னாயே, அதில் உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவள் உயிர் போய்விட்டது. ஒன்பது மணி வரவே இல்லை.

ஆர்மண்ட்


பர்லிங்டன்
பிப்ரவரி 26

அண்ணா,

உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். பிறகு ஒரு மணி நேரம் காரை எடுக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டாய். மறைக்க ஒன்றுமில்லை. உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று மெடிகேர், அதுதான் வயதானவர்களுக்கான அரசாங்கக் காப்பீடு, ஒரு தொகை போடுகிறது. நம் டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து அதைவிடக் குறைவாகச் செலவழித்தால் மிச்சத்தில் ஒரு பங்கு கூட்டமைப்புக்கு. உண்மை. ஆனால் நோயாளிகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அந்தப் பங்கு குறையும், இல்லாமலும் போகும். மிச்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உன் இரண்டு பாட்டிலிலிருந்து. நீ தலை சுற்றிக் கொட்டகையில் விழுந்து இடுப்பை உடைத்திருந்தால் எத்தனை ஆயிரம்? அது உடையாததுதான் மிச்சம். ஒரு டாக்டர் எழுதுவது இன்னொரு டாக்டருக்குத் தெரியவேண்டும், வீடு திரும்பியவனை இரண்டு நாளில் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். நாங்கள் செய்வது அவ்வளவுதான்.

ஆனால் நீ கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரியும்.

அண்ணி அன்று கூப்பிட்டது என் ஆபீஸ் எண்ணுக்கு. நான் எழுதிவைத்த குறிப்பு எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். மூன்று கேள்வி கேட்டேன். "மூச்சு வாங்குதா அண்ணி?" "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." "படுத்தா தூங்க முடியுதா?" "நல்லாத் தூங்கறேன்." "கால் வீக்கம்?" "கொஞ்சந்தான், எப்பவும் இருக்கறதுதான்." ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கொஞ்சம் நேரம் எடுத்தாள். யோசித்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு இடம் வாங்கிக் கொடுத்தேன். காலியாக இருந்த முதல் இடம் அதுதான்.

பணம் என் மனசில் இருந்ததா என்று மூன்று வருஷமாக என்னையே கேட்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஆனால் அந்தப் பதிலை நான் நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு. வாரம் ஒருமுறையாவது வேறு யாரோ ஒருவரிடம் அதே மூன்று கேள்வியைக் கேட்க வருகிறது, கேட்டு முடித்ததும் முதலிலிருந்து மறுபடியும் கேட்கிறேன். "நல்லா இருக்கேன்" என்று யார் சொன்னாலும் நம்ப முடிவதில்லை. சந்தேகத்திலேயே பாதிப் பேரை எமர்ஜென்சிக்கு அனுப்பிவைக்கிறேன். என் மேலதிகாரி, "கிளாடெட், உனக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

நான் கொன்றேன் என்று நீ நினைத்தால் நேராகச் சொல்லிவிடு. போனை வைத்து வைத்துச் சொல்லாதே.

கிளாடெட்


டிராவர்ஸ் கார்னர்
மார்ச் 31

கிளாடெட்டுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கிவிட்டது. தொள்ளாயிரம் மரத்தில் குழாய் போட்டிருக்கிறேன். இரவில் உறைகிறது, பகலில் உருகுகிறது, தொட்டி நிரம்பி வழிகிறது. வந்த சாறை அன்றன்றே காய்ச்சாவிட்டால் புளித்துப் போகும். உனக்குச் சொல்லவேண்டுமா, இந்தக் கொட்டகையில் வளர்ந்தவள்தானே.

நீ நிம்மதியாக இருக்கத்தான் இந்த எண்களை அனுப்புகிறேன். போன வாரம் மெஷினில் அமுக்கியவை: 184, 184, 183, 184, 185, 184, 184. பிப்ரவரியிலும் இதே எண். கோடு போட்டாற்போல நிற்கிறது. உன் டெஸ்ஸாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சாலையெல்லாம் சேறாகிவிட்டதால் அவளால் வர முடியவில்லை. போனில், "எப்படி இருக்கீங்க மிஸ்டர் பெல்கி?" என்றாள். "குதிரை மாதிரி இருக்கேன்" என்றேன்.

வெயில் வந்துவிட்டது. சட்டைக்கு மேல் போடும் கனத்த குளிர்கால ஓவராலையும் அப்பாவின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டையும் ஆணியில் மாட்டியாகிவிட்டது. கொட்டகைக்குள் சட்டையோடு நிற்கிறேன். தோல் காலணியைக் கழற்றிப்போட்டுவிட்டு ரப்பர் காலணிக்கு மாறினேன். போன வருஷம் வாங்கியது, இந்த வருஷம் காலில் ஏறவே மாட்டேன் என்கிறது. குளிரில் சுருங்கிவிட்டது போல. மட்டமான ரப்பர், இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். அடுப்புப் பக்கத்தில் பழைய சாய்வு நாற்காலியைப் போட்டு அதிலேயே தூங்கிக்கொள்கிறேன். படுக்கையைவிட அதுதான் வசதி. புகையில் கொஞ்சம் இருமல்.

உன் மூன்று கேள்வியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை விடு. முடிந்துபோனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

ஆர்மண்ட்


பர்லிங்டன்
ஏப்ரல் 3, பகல் இரண்டு மணி

அண்ணா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. டெஸ்ஸாவின் ஆபீசுக்கு ஃபேக்ஸில் அனுப்புகிறேன். அவள் கையில் கொண்டுவந்து தருவாள். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்காதே, அவளையே படிக்கச் சொல். அவளோடு ஆம்புலன்ஸ் ஆட்களும் வாசலில் நிற்பார்கள். கத்தாதே.

உன் கடிதம் இன்று மதியம்தான் கிடைத்தது. முதலில் எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு அடுத்த பத்தியைப் படித்தேன்.

கோட்டு போய்விட்டது. ஓவரால் போய்விட்டது. கனத்த தோல் காலணி போய்விட்டது. எண் மட்டும் ஏன் இறங்கவில்லை? நீ கழற்றிப்போட்ட உடுப்பு எட்டு பவுண்டாவது இருக்கும். அந்த எட்டு பவுண்டு எங்கே போச்சு? உன் உடம்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது அண்ணா. நீராக. கோட்டைக் கழற்றக் கழற்ற உள்ளே நீர் ஏறியிருக்கிறது, வெளியே எண் அப்படியே நின்றிருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை, பலகையும் பொய் சொல்லவில்லை. "ஒரே மாதிரி ஏறுங்க" என்று சொன்னோமே தவிர, சட்டையைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நூற்றெழுபத்தொன்று எப்படி நூற்றெண்பத்து நான்கு ஆயிற்று என்று முதல் நாளே உட்கார்ந்து கேட்டிருக்கவேண்டும். அது எங்கள் தப்பு.

ரப்பர் சுருங்கவில்லை. உன் கால் வீங்கியிருக்கிறது. இருமல் புகையால் இல்லை. நாற்காலியில் தூங்குவது வசதிக்காக இல்லை, படுத்தால் உனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால்தான்.

தொட்டி நிரம்பியிருக்கிறது என்பாய். லூசியனைக் கூப்பிட்டுவிட்டேன். "நான் காய்ச்சிக்கறேன், அந்தக் கிழவன மொதல்ல வண்டியில ஏத்துங்க" என்றான்.

என்னால் இப்போது உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன். நானே வந்திருப்பேன், ஆனால் இரண்டரை மணி நேரப் பாதை, அதுவும் சேறு. நான் வந்தால் நீ கதவைச் சாத்திவிடுவாய் என்ற பயம் வேறு. அந்த வாசலில் கால் வைக்காதே என்று சொன்னவன் நீதான்.

ஒன்பது மணி வரைக்கும் காத்திரு என்று உன்னிடம் நான் சொல்லப்போவதில்லை. இப்போதே போ. செலவு ஏறினால் ஏறட்டும். பணத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, வண்டியில் ஏறிவிட்டுத் திட்டு. கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா.

கிளாடெட்


டிராவர்ஸ் கார்னர்
ஏப்ரல் 13

கிளாடெட்டுக்கு,

கத்தத்தான் செய்தேன். சாறு கொதித்துக்கொண்டிருந்தது, பாகு பதம் வருகிற நேரம், வாசலில் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு நின்றால் யார்தான் கத்தமாட்டான்? "இது முடிஞ்சதும் வரேன், ஒரு மணி நேரம் பொறுங்க" என்றேன். டெஸ்ஸா அடுப்புப் பக்கத்தில் நின்று உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். நாற்காலியைப் பற்றிய வரி வந்ததும், கையில் கரண்டியோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். பிறகு லூசியன் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஐந்து நாள் வைத்திருந்தார்கள். ஒன்பது பவுண்டு நீரை இறக்கினார்கள். இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் வீட்டிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் டெஸ்ஸாவிடம் சொன்னார், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. என்னால் உன் கூட்டத்துக்கு இந்த வருஷம் பெரிய நட்டம்தான்.

வீடு வந்ததும் முதல் வேலையாக, கோட்டையும் ஓவராலையும் ஒரு கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். தோல் காலணிக்கும் ரப்பர் காலணிக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்தேன். ஒன்பதரை பவுண்டு. நீ எட்டு என்று எழுதியிருந்தாய். தப்பு.

எடைப் பலகை இப்போது சமையலறையில். எழுந்ததும், உள்ளாடையோடு, வெறுங்காலில். இன்று நூற்றெழுபத்தொன்றரை. டெஸ்ஸா சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், 'கோட்டு கூடாது' என்று.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜானீன் உனக்குப் போன் செய்தபோது நான் கொட்டகையில் இல்லை. கொட்டகையில் இருந்தேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன், பாதிரியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். நான் சமையலறையில், கதவோரம், கையுறையை மாட்டிக்கொண்டு நின்றேன். சாறு அந்த வருஷம் முதல் தடவையாக நன்றாக ஓடிய நாள். தொட்டியில் எண்ணூறு காலன். அவள் இல்லாமல் என்னால் அடுப்பையும் பாகையும் சேர்த்துப் பார்க்க முடியாது. இரண்டு நாளாக அவள் நாற்காலியில்தான் தூங்கினாள். அதே சாய்வு நாற்காலி. அவளாகத்தான் உன்னைக் கூப்பிட்டாள். பயந்திருந்தாள்.

"மூச்சு வாங்குதா அண்ணி?" என்று நீ கேட்டது எனக்கே கேட்டது. அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னங்க சொல்லட்டும்?" என்றாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு. இன்னிக்கு ஆஸ்பத்திரின்னு கெளம்புனா அத்தனையும் கெட்டுப்போயிரும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

மூன்று கேள்விக்கும் அவள் என்னைப் பார்த்தாள். மூன்று தடவையும் நான் தலையை ஆட்டினேன். அவள் யோசிக்கிறாள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த நேரம் அதுதான். பிறகு அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என் பின்னால் கொட்டகைக்கு வந்தாள். இருபது காலன் பாகு எடுத்தோம். நல்ல பொன் நிறம். ஒரு புட்டியைக்கூட நான் விற்கவில்லை. இன்னும் நிலவறையில் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றே உன்னைத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு அதுவே உண்மை போல ஆகிவிட்டது. உன் குரல் கேட்டால் போனை வைத்தது கோபத்தில் இல்லை கிளாடெட். நீ அந்த மூன்று கேள்வியை என்னிடமும் கேட்டுவிடுவாய் என்ற பயத்தில்.

டெஸ்ஸாவிடம் சொன்னேன், பழைய கோப்பில் நீ எழுதியதைத் திருத்தவேண்டும் என்று. "இப்ப அதத் தொட முடியாதுங்க" என்றாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ மனப்பாடமாக வைத்திருக்கும் அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்: 'பக்கத்தில் புருஷன் நின்றான்.'

இனிமேல் யாராவது "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் முதலிலிருந்து மறுபடியும் கேட்கவேண்டாம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேள்.

இதைப் படித்துவிட்டு என்னோடு பேசவே உனக்குப் பிடிக்காமல் போகலாம். அது நியாயம். பேசவேண்டும் என்று தோன்றினால் போன் செய். ஏழு மணிக்கு மெஷின் கூப்பிடும், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும். வைக்கமாட்டேன்.

ஆர்மண்ட்